'மகன் இருக்காரா?' என்று கேட்பதை நிறுத்துங்கள்

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர் ஆயா ஒருவரை முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க அழைத்துப் போயிருந்தேன். எழுபதைத் தாண்டியவர். முழங்கால் முழுதாக மடங்காது. முதுகு விறைத்துப்போய்விட்டதால் பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்புவார். பஸ் படியில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் கேட்ட முதல் கேள்வி: "மகன் இருக்காரா?"

ஆயாவின் முகம் மலர்ந்தது. "இருக்கறான் சாமி. பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போறான். ரெண்டு பேரப்புள்ளைங்க" என்றார். மனு திரும்பி வந்துவிட்டது.

வெளியே வந்ததும், வரிசையில் நின்றிருந்த ஒருவர் இரக்கத்தோடு சொன்னார்: "மகன் இல்லன்னு சொல்லியிருக்கணும் ஆயா. இல்லாட்டி, சோறு போடறதில்லன்னாவது சொல்லியிருக்கணும்." ஆயா அவரை நிமிர்ந்து பார்த்தார். "உசுரோட இருக்கறவன எந்த வாயால இல்லன்னு சொல்றது? முடிஞ்ச மாசம் ஐந்நூறோ ஆயிரமோ அனுப்பறான். போடலன்னு சொன்னா பாவமில்லியா?"

அந்தக் கேள்வியையும் அதன் பின்னால் நிற்கும் நம்பிக்கையையும் மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதியோரைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன கருத்து ஒன்று உண்டு. பிள்ளைகள் மனம் மாறிவிட்டார்கள், கூட்டுக்குடும்பம் உடைந்தது, பெற்றவர்களைத் தெருவில் விட்டார்கள், அதனால்தான் முதியோர் துன்பப்படுகிறார்கள் என்பது அது. பட்டிமன்ற மேடையில் கைதட்டு வாங்கும் கருத்து. அக்டோபர் 1 முதியோர் நாளன்று பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பேசும் கருத்து. பிள்ளைகளைத் திருத்தினால் எல்லாம் சரியாகும் என்று அது முடியும். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அரசுக்கு அதில் ஒரு பொறுப்பும் விழாது.

தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கருத்து பொய்யானது, தீங்கும் செய்வது.

முதலில் உண்மை நிலவரத்தைப் பார்ப்போம். நாடு முழுவதும் முதியோரை நேரில் கண்டு 2017-18இல் எடுத்த பெரிய ஆய்வில், அறுபதைக் கடந்தவர்களில் தனியாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அந்த விகிதம் கூடுதல். அப்போதும் மிகப் பெரும்பாலோர் துணையோடோ பிள்ளைகளோடோதான் இருக்கிறார்கள். கைவிடுவது ஊர் வழக்கமாகிவிட்டது என்பவர்கள், தாங்கிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்களைக் கண்கொண்டு பார்ப்பதில்லை.

பிரிந்திருப்பவர்கள் ஏன் பிரிந்தார்கள்? எங்கள் மாவட்டம் மழையை நம்பிய மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேரில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கிராமத்தில்தான் இருக்கிறார்கள். எழுத்தறிவில் மாநிலத்திலேயே கடைசி. மா காய்த்தால் விலை இல்லை; பாலக்கோட்டுத் தக்காளிக்கு விலை வந்தால் செடியில் காய் இல்லை. வாலிபர்கள் பெங்களூர்க் கட்டட வேலைக்கும், ஓசூர்க் கம்பெனிகளுக்கும், திருப்பூர் பனியன் வேலைக்கும் போகிறார்கள். சாரத்துக்குக் கீழே தகரக் கொட்டகையில் மனைவி மக்களோடு படுக்கிறவன், முழங்கால் மடங்காத அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பான்? அவன் அம்மாவை விட்டுவிட்டு ஓடியவனா? அம்மாவுக்கும் சேர்த்துத்தான் சாரம் ஏறுகிறான். அவன் மனதில் ஈரம் வற்றவில்லை. அவனுக்குப் பிழைப்பு ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

இனி அந்த முழங்காலுக்கு வருவோம். ஆயாவின் பல்லில் இருக்கும் பழுப்புக் கறையை எங்கள் பக்கத்து வயதானவர்கள் பலரிடம் பார்க்கலாம். நிலத்தடி நீரில் உள்ள ஃபுளோரைடு வைத்த கறை அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதை மீறிய தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் பல் கறைபடும்; பிறகு எலும்பும் மூட்டும் இறுகும்; முதுகு வளையாமல் விறைக்கும். இதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் வந்தது. 2013இல்தான் காவிரி நீர் குழாயில் வரத் தொடங்கியது. அதற்குள் ஆயா ஐம்பது வருடத்துக்கு மேல் கிணற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் குடித்து முடித்திருந்தார். அந்த விறைத்த முதுகுக்கும் மகனின் பாசத்துக்கும் என்ன தொடர்பு? அவரை முடக்கியதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. நல்ல தண்ணீரைத் தாமதமாகக் கொடுத்தது அரசு. விளைவைத் தாங்க வேண்டியவன் மட்டும் மகனா?

"அந்தக் காலத்தில் தாங்கினார்களே" என்பார்கள். அந்தக் காலத்தில் தாங்க வேண்டியிருந்த சுமை எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நாடு விடுதலை பெற்றபோது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று தமிழ்நாட்டில் அது எழுபதைத் தாண்டிவிட்டது. அன்று எண்பது வயது ஆயா ஊருக்கு ஒருவர். சர்க்கரை நோயோடும் இரத்தக் கொதிப்போடும் இருபது வருடம் மருந்தில் வாழ்வதென்பதே அன்று இல்லை. ஐந்தாறு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட சில வருடப் பணிவிடை அன்று. இன்று ஒரே பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ இருபது வருடம் செய்ய வேண்டிய மருத்துவம், செலவு, காவல். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்றும், 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடே சொல்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கூட்டுக்குடும்பத்தைப் புகழ்கிறவர்கள், படுக்கையில் விழுந்த மாமனாருக்கு மலம் அள்ளிக் கொட்டியது யார் என்று ஒருபோதும் சொல்வதில்லை. மகன் தாங்கினான் என்று பெயர், தாங்கியது மருமகள். கூலி இல்லை, ஓய்வு இல்லை, சொத்தில் பங்கு இல்லை, பேரும் இல்லை. அந்தப் பெண்ணின் முதுகில் நின்ற ஏற்பாட்டைப் பண்பாடு என்று அழைத்தோம். அவள் இன்று கூலி வேலைக்கும் கம்பெனிக்கும் போனால், பண்பாடு போய்விட்டது என்கிறோம்.

தீங்கு என்றேனே, அதற்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தின் பெயர் நாடு முழுவதும் எதற்காக அடிபட்டது என்று நினைவிருக்கிறதா? பெண் சிசுக் கொலைக்காக. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் தருமபுரிக்கும் கொண்டுவந்தார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிடுங்கள் என்று ஓர் அரசே கெஞ்ச வேண்டியிருந்த மண் இது. 2011இல்கூட ஆயிரம் ஆணுக்கு 946 பெண். மாநிலத்திலேயே மிகக் குறைவு. ஏன் கொன்றார்கள்? வரதட்சணை ஒரு காரணம். மறு காரணத்தைக் கிழவிகள் வெளிப்படையாகவே சொல்வார்கள்: பெண் அடுத்த வீட்டுக்குப் போகிறவள், கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்றுகிறவன் மகன்.

முதுமைக்கு மகன்தான் காப்பு என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மகளுக்கு மதிப்பில்லை என்றும் சேர்த்தே சொல்கிறோம். மகனைத் தவிர வேறு பிடிமானம் இல்லாத ஊரில் மகனுக்காகத் தவம் கிடப்பார்கள். மகளுக்குக் கள்ளிப்பால் தேடுவார்கள். கிழவிக்கு மாதாமாதம் கையில் பணமும், வீடு தேடி வந்து பார்க்கும் நர்சும் உறுதி என்றால், மகன் பிறந்தே தீரவேண்டும் என்ற அந்தப் பயம் ஒரு படியாவது இறங்கும். முதியோர் ஓய்வூதியத்தைக் கிழவர்களின் விஷயம் என்று மட்டும் பார்க்கிறவர்கள் தருமபுரியின் வரலாற்றை மறந்தவர்கள்.

இந்தக் கருத்தைச் சட்டமும் எப்படிச் சுமந்து நிற்கிறது என்று பாருங்கள். 2007இல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம்தான். பராமரிக்கத் தவறிய பிள்ளைகள் மீது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். எங்கள் மாவட்டத்தில் தருமபுரி, அரூர் என இரண்டு கோட்டங்கள் இருக்கின்றன. மாதம் 10,000 ரூபாய்வரை பிள்ளைகள் கொடுக்க உத்தரவிடலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறலாம். பெற்றவரைக் கைவிட்டால் மூன்று மாதம்வரை சிறை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் துரத்தும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சொல்லும் பேச நான் வரவில்லை. சட்டம் அவர்கள் மேல் பாயட்டும்.

ஆனால் இதே சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படியுங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் இல்லத்தை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது. பிள்ளை தவறினால் சிறை. அரசு தவறினால் ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் கடமை என்றும் தனக்கு விருப்பம் என்றும் அரசே எழுதிக்கொண்ட சட்டம் இது. முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 41ஆவது பிரிவு சொல்லியிருக்கும்போதே இப்படி எழுதினார்கள்.

சரி, ஆயா தீர்ப்பாயத்துக்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்ட்ரிங் வேலைக்காரனிடமிருந்து எவ்வளவு வாங்கித் தரமுடியும்? வேலை இல்லாத மழைநாளில் அவன் வீட்டிலேயே உலை கொதிப்பதில்லை. ஏழையிடமிருந்து பிடுங்கி இன்னொரு ஏழைக்குக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

உதவித்தொகைக்கு வருகிறேன். 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது தமிழ்நாட்டின் முதியோர் ஓய்வூதியம். நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று; பெருமைதான். ஆனால் தொடங்கிய நாளிலிருந்து அது 'ஆதரவற்றவர்'களுக்கானது. 1995இல் மத்திய அரசு தன் திட்டத்தைத் தொடங்கியபோதும், சொந்த வருமானமோ குடும்பத்தாரின் ஆதரவோ இல்லாதவராக இருக்க வேண்டும் என்றே விதித்தது. "மகன் இருக்காரா?" என்ற கேள்வி முளைத்த இடம் இதுதான். மனுவை வாங்கியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது திட்டத்தின் கேள்வி.

தொகையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2011இல் 1,000 ரூபாய் ஆனது. பன்னிரண்டு வருடம் அப்படியே நின்று, 2023இல் 1,200 ஆனது. நாளுக்கு 40 ரூபாய். அதில் எண்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 2007இல் திட்டத்துக்குப் புதுப்பெயர் வைத்தபோதும் 200தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2025இலும் 200தான். அதையும் வாங்க மைக்ரோ ஏ.டி.எம். கருவியில் விரலை வைத்தால், காலமெல்லாம் புளி தட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழுவதில்லை. "துணியில துடச்சுட்டு வை பாட்டி, மறுபடியும் வை" என்று ஐந்தாறு முறை. விழாவிட்டால் அடுத்த வாரம்.

கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினால் ஆந்திரத்தின் குப்பம். 2024 ஜூலையில் ஆந்திர அரசு முதியோர் ஓய்வூதியத்தை 4,000 ரூபாய் ஆக்கி, வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. கேரளம் 2025 நவம்பரில் 2,000 ஆக்கியது. தனிநபர் வருமானத்தில் நம்மைவிடப் பின்தங்கிய ஆந்திரத்தால் முடிந்தது நம்மால் முடியாது என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன். குறைந்தபட்சக் கூலியில் பாதியாவது எல்லா முதியவருக்கும் ஓய்வூதியமாக வேண்டும் என்று சமூகச் செயற்பாட்டாளர்கள் பாபா ஆடாவும் அருணா ராயும் முன்னின்ற பென்ஷன் பரிஷத் என்ற அமைப்பு 2012 முதல் கேட்டுவருகிறது. அதிகப்படியாக எதுவும் கேட்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும்: அரசு கொடுத்தால் பிள்ளைகள் பொறுப்பைக் கைகழுவிவிடுவார்களே?

ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அது அவருக்கு உரியது, குறைசொல்ல மாட்டேன். அந்த ஓய்வூதியத்தால் அவர் பிள்ளைகள் பொறுப்பற்றுப் போனார்கள் என்று எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? மகன் இருக்கிறானா என்று அவரிடம் கருவூலம் கேட்கிறதா? நாற்பது வருடம் களையெடுத்தவளுக்கு, கல் உடைத்தவனுக்கு மட்டும் ஓய்வூதியம் கொடுத்தால் குடும்பப் பாசம் கெட்டுவிடுமா? உழைப்பில் மேல் கீழ் பார்க்கும் பழைய புத்திதான் இந்தப் பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

இதே தமிழ்நாடு வேறொரு வழியும் கற்றுத் தந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் தட்டோடு உட்காரும் குழந்தையிடம் "உனக்கு அப்பா இருக்கிறாரா?" என்று நாம் கேட்பதில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவது பெற்றவர் கடமைதான். ஆனாலும் அரசு போடுகிறது, 2022 முதல் காலையிலும் போடுகிறது. அதனால் எந்தத் தாயும் பிள்ளைக்கு ஊட்டுவதை நிறுத்திவிடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஏழு வயதுக்குப் பொருந்தும் நியாயம் எழுபது வயதுக்கும் பொருந்தும்.

பக்கத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த பெண் கதவைத் தட்டி, இரத்தக் கொதிப்பு பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிக்கும் நர்சும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. அந்தப் பெண் வாசலில் நின்று மகனைப் பற்றி விசாரிப்பதில்லை. "மாத்திரை போட்டீங்களா ஆயா?" என்றுதான் கேட்கிறார். அவர் வந்துபோவதால் எந்த வீட்டிலும் பாசம் குறையவில்லை. மருமகள் பாரம் குறைந்தது. இந்த வழியில்தான் இன்னும் தூரம் போக வேண்டும்: குளிப்பாட்டவும் நடக்கவைக்கவும் பயிற்சி பெற்ற, சம்பளம் பெறும் பராமரிப்பாளர் ஊராட்சிதோறும் வேண்டும், பகலில் உட்கார்ந்து பேசிச் சாப்பிட ஓர் இடம் வேண்டும், சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் பணமும் மருந்தும் ஊர் ஏறி வர வேண்டும்.

பண்பாடு என்று பேசுகிறவர்களுக்கு எங்கள் ஊர்க் கதையையே நினைவூட்டுகிறேன். தகடூர் என்பது இன்றைய தருமபுரிதான். அதை ஆண்ட அதியமான் அரிதில் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்பதைப் பள்ளியில் படிக்காத தமிழர் இல்லை. ஔவை அவனுக்குத் தாயா? உறவா? நாட்டை ஆண்டவன், தன் உறவல்லாத ஒருவரின் ஆயுளைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். இந்த மண்ணின் மரபு அதுதான். ஆயுளைக் கொடுப்பவனே, கொடுத்த ஆயுளை வாழ வழியும் செய்ய வேண்டும். நம் அரசு தடுப்பூசியாலும் ஆஸ்பத்திரியாலும் மக்களுக்கு நாற்பது வருடம் கூட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தச் சாதனையின் மறுபாதி இன்னும் பாக்கி.

2023 ஜூலையில் எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில்தான் கலைஞர் மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். 'உரிமை' என்ற சொல் அரசுப் பணத்தோடு சேர்ந்து எங்கள் ஊரில் ஒலித்தது. வீட்டுக்குள் செய்யும் வேலையும் உழைப்புதான் என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய செயல். ஆனால் முதியோர் ஓய்வூதியம் வாங்கும் பெண் அதற்குத் தகுதியற்றவர் என்று விதியில் எழுதினார்கள். ஐம்பது வயதில் உரிமை. அறுபதுக்கு மேல் ஆதரவற்றவருக்கு உதவி. அந்தச் சொல்லை மேலும் பத்து வயது, இருபது வயது நீட்டுவதற்கு என்ன தடை?

ஆகவே கேட்பது இதுதான். 'ஆதரவற்ற' என்ற சொல்லைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு ஓய்வூதியம் வாங்காத, வருமானவரி கட்டாத ஒவ்வொரு முதியவருக்கும் அது உரிமையாகட்டும். தொகை விலைவாசியோடு ஆண்டுதோறும் உயரட்டும். ரேகை விழாவிட்டால் அடுத்த வழி அன்றைக்கே, அங்கேயே இருக்கட்டும். மனுவில் வயதைக் கேளுங்கள். நடக்க முடிகிறதா, கண் தெரிகிறதா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எந்த உதவி வேண்டும் என்று கேளுங்கள். மகன் இருக்கிறானா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆயா என் போனை வாங்கி மகனிடம் பேசினார். மனு என்ன ஆயிற்று என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "ஆவும்டா, பாக்கறன்னு சொல்லியிருக்காங்க. நீ மேல ஏறும்போது பாத்து ஏறு" என்றார். தன்னால்தான் அம்மாவுக்குப் பணம் கிடைக்கவில்லை என்று அவன் அறிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய் அது. அலுவலகத்தில் சொல்ல மறுத்த பொய்யை மகனுக்காகச் சொன்னார்.

இருபது மாடி உயரச் சாரத்தில் நிற்கும் அவன் பெயர் எந்த ஓய்வூதியப் பட்டியலிலும் இல்லை. இன்னும் முப்பது வருடத்தில் அவன் முழங்காலும் மடங்காமல் போகும். அவனும் ஒரு மனுவோடு ஏதோ ஒரு வரிசையில் நிற்பான். அதற்குள் அந்தக் கேள்வி ஒழிந்திருக்க வேண்டும்.